ஒரு சாண் இடைவெளி

1985இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சின்ன ஆய்வுக் கட்டுரை வந்தது. உலகத் தரவரிசையில் இருந்த ஒரு ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரரை அழைத்து, கருவி பொருத்தித் தொங்கவிட்ட ஒரு எடையைக் குத்தச் சொல்லி அளந்திருந்தார்கள். கை கிளம்பியதிலிருந்து இலக்கில் படும்வரை ஆன நேரம் விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் அது கடந்தது அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். படும் கணத்தில் அதன் வேகம் விநாடிக்கு 8.9 மீட்டர், அதாவது மணிக்கு 32 கிலோமீட்டர். உச்ச விசை 4,096 நியூட்டன். ஒரு தலைமேல் 400 கிலோவுக்கு மேல் எடையைக் கண நேரத்துக்கு வைத்து எடுப்பதற்குச் சமம் அது.

அந்த வீரர் ஃபிராங்க் புருனோ. அவர் 1989 பிப்ரவரியில் லாஸ் வேகஸில் உலக சாம்பியன் மைக் டைசனை எதிர்த்து ரிங்கில் ஏறினார். முதல் சுற்றிலேயே, பக்கவாட்டில் வளைத்துப் போடும் ஒரு இடது ஹூக்கால் டைசனை ஆட்டியும் வைத்தார். ஆனால் ஐந்தாம் சுற்றில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தியபோது கயிற்றோரம் அடி வாங்கிக்கொண்டிருந்தவர் புருனோதான். ஆய்வுக்கூடத்தில் அளந்து நிரூபிக்கப்பட்ட அந்தக் குத்து அவரைக் காப்பாற்றவில்லை.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 1990 பிப்ரவரி 11 அன்று, டோக்கியோ டோமில் அதே டைசனை பஸ்டர் டக்ளஸ் பத்தாம் சுற்றில் படுக்க வைத்தார். டைசன் அதுவரை ஆடிய 37 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்றதில்லை, ஒருமுறைகூடத் தரையில் விழுந்ததில்லை. டக்ளஸோ நான்கு முறை தோற்றவர். 1987இல் டோனி டக்கரிடம் பட்டத்துக்காக ஆடியபோது பாதியில் சோர்ந்து நின்றுவிட்டார் என்ற பேச்சும் அவரைத் துரத்திக்கொண்டிருந்தது. லாஸ் வேகஸின் பெரும்பாலான சூதாட்ட விடுதிகள் இந்த ஆட்டத்துக்குப் பந்தயமே வாங்கவில்லை. வாங்கிய மிராஜ் விடுதி, டக்ளஸ் ஜெயித்தால் ஒன்றுக்கு 42 தருவதாக அறிவித்தது. இதற்கெல்லாம் மேலாக, ஆட்டத்துக்கு ஏறக்குறைய மூன்று வாரங்களுக்கு முன்புதான் டக்ளஸ் தன் தாயை இழந்திருந்தார்.

துக்கம் அவருக்கு ஆவேசத்தைத் தந்தது, அதனால் ஜெயித்தார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் ஆவேசம் மட்டும் இருந்த எத்தனையோ பேரை டைசன் ஒன்றிரண்டு சுற்றுகளில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அன்று டக்ளஸ் செய்த காரியத்துக்கு உடலியலிலும் இயற்பியலிலும் தெளிவான விளக்கம் இருக்கிறது. அந்த விளக்கம் ஆவேசக் கதையைவிட எனக்குப் பெரிய வியப்பாகப் படுகிறது.

ஏறி ஏறி அடிக்கும் ஒரு ஆட்டக்காரரின் பலம் எங்கே இருக்கிறது? கையில் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 1985இல் வெளியான ஒரு சோவியத் ஆய்வு இதைப் பிரித்துப் பார்த்தது. 120 குத்துச்சண்டை வீரர்களின் நேர்க்குத்தை அளந்து, அதில் உடலின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கிட்டார்கள். உயர்தர வீரர்களிடம் கையின் பங்கு 24 சதவீதம்தான். இடுப்பும் முதுகும் சுழல்வதால் வந்தது 37 சதவீதம். மீதி 38 சதவீதத்துக்கு மேல் பின்காலைத் தரையில் ஊன்றித் தள்ளியதால் வந்தது. கற்றுக்குட்டிகளிடம் காலின் பங்கு 17 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அவர்கள் கையையும் இடுப்புச் சுழற்சியையும் நம்பியே குத்தினார்கள்.

ஆக, குத்து பிறக்குமிடம் பாதம். பாதம் தரையைத் தள்ளுகிறது, தரை திருப்பித் தள்ளுகிறது, அந்தத் தள்ளல் முழங்கால், இடுப்பு, தோள் என்று ஏறி ஏறி வேகம் கூடி முஷ்டிக்கு வந்து சேர்கிறது. ஒவ்வொரு மூட்டும் தன் முறை வரும்போது சரியாகச் சேர்ந்துகொண்டால்தான் முழு விசை. இதில் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, கால் ஊன்றாதவனால் பலமாகக் குத்த முடியாது. இரண்டாவது, அந்தத் தொடர் விரிந்து முடிய ஓர் அளவான தூரம் வேண்டும். தூரம் அதிகமானால் முஷ்டி எட்டாது; எட்டினாலும் கை முழுக்க நீண்டு, வேகம் செத்துப்போய்த்தான் படும். குறைந்தால் முஷ்டி வேகம் பிடிப்பதற்கு முன்பே மோதிவிடும். எவ்வளவு பெரிய அடிக்காரராக இருந்தாலும் அவருடைய முழுப் பலம் வாழ்வது சில அங்குலம் அகலமுள்ள ஒரு பட்டைக்குள்தான். பலம் குறைந்தவர் அந்தப் பட்டைக்கு வெளியே நிற்க வேண்டும், இல்லையென்றால் அதைத் தாண்டி உள்ளே ஒட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் நின்றால் தொலைந்தார்.

டைசனின் உயரம் 178 சென்டிமீட்டர். ஹெவிவெயிட்டில் அது குள்ளம். டக்ளஸ் 192. கைகளைப் பக்கவாட்டில் விரித்து நுனிக்கு நுனி அளந்தால் டைசனுக்கு 180, டக்ளஸுக்கு 211. ஒரு அடி வித்தியாசம் என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அந்த அளவு இரண்டு கைகளும் நெஞ்சும் சேர்ந்தது. ஒரு கைக்கு என்று பார்த்தால் ஏறக்குறைய அரை அடிதான் மிஞ்சும். ஒரு சாணுக்கும் குறைவு. டக்ளஸின் முஷ்டி எட்டும், டைசனின் முஷ்டி எட்டாது என்ற நிலம் ரிங்குக்குள் அவ்வளவுதான் இருந்தது. அன்று ஆட்டம் முழுவதும் டக்ளஸ் அந்த நிலத்தில் நின்றுதான் ஆடினார்.

அதற்கு அவர் பயன்படுத்திய கருவி ஜாப். முன்னால் இருக்கும் கையால் நேராகப் போடும் சின்னக் குத்து. ரசிகர்கள் அதற்குக் கைதட்டுவதில்லை, நாக்அவுட் தொகுப்புகளிலும் அது வராது. ஆனால் குத்துச்சண்டையின் அறிவியல் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. கண்ணில் பட்ட ஒன்றுக்கு மனித உடல் அசைந்து பதில் தர விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். ஒரு குத்து வந்து சேர அதில் பாதி நேரம் போதும் என்பதை புருனோவின் அளவிலேயே பார்த்தோம். அப்படியானால் கிளம்பிவிட்ட குத்தைப் பார்த்து விலகுவது மனிதரால் ஆகாத காரியம். அனுபவசாலிகள் முஷ்டியைப் பார்ப்பதே இல்லை. தோள் அசைவதை, இடுப்பு திரும்புவதை, எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுவதைப் படித்து, வரப்போவதை முன்கூட்டியே ஊகிக்கிறார்கள். பின்கையின் பெரிய குத்துக்கு முன்னோட்டமாக உடல் நிறைய அசையும். ஜாப்புக்கு அசைவு மிகக் குறைவு. அதனால்தான் படிக்கக் கடினமான குத்து அது.

டைசனிடம் இதற்கு ஒரு பதில் இருந்தது. அவரை வளர்த்த கஸ் டமாட்டோ, இரண்டு கையுறைகளையும் கன்னத்தோடு ஒட்டிவைத்து, தலையை இடைவிடாமல் இடமும் வலமுமாக அசைத்தபடி உள்ளே நுழையக் கற்றுக்கொடுத்திருந்தார். குத்தைப் பார்த்துவிட்டு விலகுவதல்ல அது. குத்து வருமுன்பே தலை அந்த இடத்தில் இல்லாமல் செய்வது. ஜாப் காற்றில் போகும். அது திரும்பி வருவதற்குள் டைசன் உள்ளே இருப்பார்.

டக்ளஸ் ஒரு ஜாப்போடு நிறுத்தவில்லை. இரண்டாவதையும் போட்டார். முதலாவதுக்கு விலகிய தலை எங்கே போய் நிற்குமோ அங்கே இரண்டாவது காத்திருந்தது. அதன் பின்னாலேயே வலது கை. சில சமயம் ஜாப் போடுவதுபோல் தோளை மட்டும் அசைத்தார். தாளத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். டமாட்டோ 1985இலேயே இறந்திருந்தார். அவர் வழியில் பயிற்சி தந்த கெவின் ரூனியையும் டைசன் 1988 இறுதியில் விலக்கியிருந்தார். அந்தத் தலையசைவு டோக்கியோவில் குறைந்திருந்தது என்பதும் உண்மை. பலம் குறைந்தவர் தன் திட்டத்தை எதிராளியின் புகழை வைத்துப் போடக்கூடாது, இன்றைக்கு எதிரே நிற்கும் உடலை வைத்துப் போட வேண்டும்.

ஜாப்பின் இன்னொரு லாபத்தைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் வரும் குத்தை நோக்கி ஒருவர் விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் முன்னேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மோதும் வேகம் 10.4 ஆகிறது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. அதே குத்து படும்போது அதே வேகத்தில் பின்வாங்கினால் ஆற்றல் ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது. ஏறி அடிப்பவரின் தொழிலே முன்னேறுவதுதான். அவர் எடுத்து வைக்கும் ஒவ்வொரு எட்டும், தன்மேல் விழப்போகும் குத்துக்குத் தானே பலம் சேர்த்துக் கொடுப்பது. பலம் குறைந்தவருக்கு இயற்பியல் தரும் கடன் இது. அதைச் சரியான நேரத்தில் நேராகக் கை நீட்டுபவர் மட்டுமே வாங்கிக்கொள்ள முடியும்.

இதையெல்லாம் மீறி டைசன் உள்ளே வந்தபோது டக்ளஸ் கட்டிப்பிடித்தார். கிளிஞ்ச் என்று சொல்வார்கள். பார்க்கிறவர்கள் சலித்துக்கொள்ளும் இடம் அது. ஆனால் எதிராளியின் மேற்கையை இறுக்கிப் பிடித்து, அவர் கழுத்தில் தன் 105 கிலோவைச் சாய்த்தால், காலிலிருந்து முஷ்டிவரை போகும் அந்தத் தொடர் அங்கேயே அறுந்துவிடும். முன்பு 1987இல் போன்கிரஷர் ஸ்மித் என்ற வீரர் பன்னிரண்டு சுற்றும் டைசனைக் கட்டிப்பிடித்தே ஓட்டினார். விழவில்லை, ஆனால் எல்லா நடுவர்களின் கணக்கிலும் தோற்றார். கட்டிப்பிடித்தல் உயிரைக் காக்கும், பட்டத்தைத் தராது. வெளியே ஜாப், உள்ளே கிளிஞ்ச், நடுப்பட்டையில் நிற்கவே கூடாது என்பதில் டக்ளஸ் கிட்டத்தட்ட எட்டு சுற்றுகள் உறுதியாக இருந்தார்.

எட்டாம் சுற்றின் கடைசி விநாடிகளில் அந்த இடைவெளி ஒரே ஒரு கணம் மூடியது. கீழிருந்து மேலே ஏறிய டைசனின் வலது அப்பர்கட் போதுமானதாக இருந்தது. டக்ளஸ் மல்லாந்து விழுந்தார். ஆத்திரத்தில் முஷ்டியால் தரையைக் குத்திவிட்டு, ஒன்பது எண்ணும்போது எழுந்தார். நடுவர் மெதுவாக எண்ணினார் என்று பின்னால் பெரிய தகராறு நடந்தது. அந்தத் தகராறை நான் ஒதுக்கி வைக்கிறேன். எழச் சொல்லி விதி கேட்பது நடுவரின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான். டக்ளஸ் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பத்தாம் சுற்றில் டக்ளஸின் அப்பர்கட் டைசனின் தாடையில் ஏறியது. தலை பின்னோக்கி எகிற, தொடர்ந்து விழுந்த குத்துகளில் உலகின் மிகப் பயங்கரமான வீரர் கீழே கிடந்தார். பல் கவசத்தைத் தேடிக் கைகள் தரையைத் துழாவின. ஏன் ஒரு குத்து இப்படி ஆளையே அணைத்துவிடுகிறது? மூளை மண்டையோட்டோடு ஒட்டிய உறுப்பல்ல, திரவத்தில் மிதப்பது. தண்ணீர்க் குடத்தைச் சட்டென்று திருப்பினால் குடம் திரும்பிவிடும், உள்ளிருக்கும் தண்ணீர் சற்றுப் பின்தங்கும். தலை திடீரென்று சுழலும்போது மூளையும் அப்படிப் பின்தங்குகிறது. அதன் நரம்பிழைகள் இழுபட்டு முறுக்கிக்கொள்கின்றன. நேராக நெற்றியில் விழும் அடியைவிட, தலையைச் சுழற்றிவிடும் அடியே ஆபத்து. தாடை அதற்கு நெம்புகோல். கழுத்துத் தசைகள் முன்பே இறுகியிருந்தால் சுழற்சி குறையும். வரும் குத்தைக் காணாதவரின் கழுத்து இறுகுவதில்லை. டைசனின் இடது கண் அதற்குள் வீங்கி மூடியிருந்தது. அந்தப் பக்கம் வருவது அவருக்குத் தெரியவில்லை. அந்த வீக்கம் ஒரு பெரிய குத்தின் வேலையல்ல. அந்த அரை அடி நிலத்திலிருந்து சுற்றுக்குச் சுற்று விழுந்த ஜாப்களும் வலது கைக் குத்துகளும் சேர்ந்து செய்த வேலை.

இதே சிக்கலுக்கு இன்னொரு விடை உண்டு. உலகம் அதைத்தான் அதிகம் கொண்டாடுகிறது. 1974 அக்டோபர் 30, கின்ஷாசா. 25 வயது ஜார்ஜ் ஃபோர்மன் 40 ஆட்டங்களில் 40ம் ஜெயித்தவர், 37 நாக்அவுட். அதற்கு முந்தைய எட்டு ஆட்டங்களும் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. எதிரே 32 வயது முகமது அலி. அலி ஆடி ஆடி விலகுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் ஓடுவதற்கு எதிராக வடிவியல் நின்றது. ரிங்கின் ஓரமாக வட்டமடிப்பவர் பெரிய வட்டத்தில் ஓடுகிறார். நடுவில் நிற்பவர் சின்ன வட்டத்தில் திரும்பினால் போதும். வெளிவட்டத்தின் ஆரம் இரண்டரை மீட்டர், உள்வட்டத்தின் ஆரம் ஒன்றேகால் என்றால், ஓடுபவர் வைக்கும் இரண்டு எட்டுக்குத் துரத்துபவர் வைக்க வேண்டியது ஒன்று. வட்டத்தை வெட்டி மூலையில் அடைப்பதில் ஃபோர்மன் கெட்டிக்காரர். அந்த வெக்கையில் பதினைந்து சுற்று ஓடுவதற்குக் கால் தாங்காது என்பதை முதல் சுற்றிலேயே அலி உணர்ந்துகொண்டார். குத்துச்சண்டை கண்ட மிகச்சிறந்த கால்கள் ஓட மறுத்த இரவு அது.

அவர் கயிற்றில் சாய்ந்தார். வெக்கையில் தொய்ந்திருந்த கயிறு அவர் உடலைப் பின்னால் போகவிட்டது. ஒரு அடி நிற்க எடுக்கும் நேரம் இரண்டு மடங்கானால் சராசரி விசை பாதியாகும். முன்கைகளும் தோள்களும் வயிறும் மீதியை வாங்கிக்கொண்டன. ஃபோர்மனின் தசைகளில் உடனடியாகக் கிடைக்கும் எரிபொருள் சில விநாடிகளுக்குத்தான் வரும். அதன்பிறகு முழு பலத்தோடு குத்திக்கொண்டே இருந்தால் தசை அடைத்துக்கொண்டு கனக்கும். தவறிப்போன குத்து இன்னும் மோசம். பட்ட குத்தை எதிராளியின் உடல் நிறுத்தும், படாத குத்தைச் சொந்தத் தோளும் முதுகும்தான் இழுத்து நிறுத்த வேண்டும். ஒவ்வொரு கிளிஞ்சிலும் அலி அவர் கழுத்தில் தொங்கினார். இடையிடையே நேராக முகத்தில் குத்தினார். எட்டாம் சுற்று முடியச் சில விநாடிகள் இருக்கும்போது ஃபோர்மன் சுழன்று விழுந்தார்.

அலியைப்போல் துணிச்சல் யாருக்கும் வாய்த்ததில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் பலம் குறைந்தவருக்கு நான் காட்ட விரும்பும் வழி டக்ளஸின் வழிதான். அடி வாங்கி ஜெயிக்கலாம் என்பதைக் கற்றுக்கொண்ட உடல் அதைத் திரும்பத் திரும்பச் செய்யும். 1980 தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சி ஆட்டம் ஆடினார்; ஊரே திரண்டு பார்த்தது. அதே ஆண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸ் அவரைப் பத்து சுற்றுகள் அடித்தார். 1984இல் அவருக்கு பார்கின்சன் நோய்க்குறிகள் இருப்பதை மருத்துவர்கள் அறிவித்தார்கள். தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடிகள் மூளையைக் காலப்போக்கில் சிதைக்கின்றன என்பதை அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928லேயே எழுதியிருந்தார்.

ஆகவே பிள்ளைகளைக் குத்துச்சண்டைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வடசென்னையில் இந்தக் கலைக்கு நீண்ட மரபு உண்டு, அங்கே அனுப்புவது நல்ல விஷயம். சேர்க்குமுன் பயிற்சியாளரிடம் கேளுங்கள்: எதிரெதிராக ஆட விடுவதற்கு முன் எத்தனை மாதம் கால் பயிற்சியும் ஜாப்பும் சொல்லித் தருவீர்கள்? தலையில் பலமாக அடிபட்ட பிள்ளைக்கு எத்தனை நாள் ஓய்வு தருவீர்கள்? தலைக்கவசம் இருக்கிறதே என்பது இதற்குப் பதிலாகாது. அது தோல் கிழிவதைத் தடுக்கும். மண்டைக்குள் மூளை சுழல்வதைத் தடுக்காது. அடி வாங்கித் தாங்குவதைப் பெருமையாகச் சொல்லும் இடத்தில் சேர்க்காதீர்கள். எட்டி நிற்கக் கற்றுத்தரும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.